பைனல், பைனல்2, நிஜ பைனல்: சிறு வெப் புராஜெக்ட்டுக்குச் செலவில்லாத வெர்ஷன் கண்ட்ரோல்

ஒரு கல்யாண மண்டபத்தின் வலைத்தளம். பத்துப் பக்கம்கூடத் தேறாது. பிஎச்பியில் எழுதிய முன்பதிவுப் படிவம், கொஞ்சம் படங்கள், வாடகைப் பட்டியல், அவ்வளவுதான். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து செய்து கொடுத்தோம். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தத்துக்கு ஆட்கள் தேதி பார்க்கத் தொடங்கிய நேரத்தில் மண்டபக்காரர் போன் செய்தார். "தம்பி, ஒரே தேதிக்கு ரெண்டு பேர் பதிவு பண்ற பிரச்சினைய போன வாரம் சரி பண்ணிக் குடுத்தீங்களே, அது மறுபடி வந்துடுச்சு."

போய்ப் பார்த்தால் என் திருத்தத்தையே காணோம். நான் செவ்வாய்க்கிழமை புக்கிங்.பிஎச்பியைத் திருத்தி, சர்வருக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபி வழியாக ஏற்றியிருந்தேன். நண்பர் தன் லேப்டாப்பில் கிடந்த பழைய ஃபைலில் வாடகைத் தொகையை மட்டும் மாற்றி, வெள்ளிக்கிழமை அதை மேலே ஏற்றிவிட்டார். எஃப்டிபிக்கு எது புதிது, எது பழையது என்ற கவலை கிடையாது. கடைசியாக வந்த ஃபைல் முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். என் லேப்டாப்பிலாவது இருக்குமே என்று தேடினால் புக்கிங்_ஓல்டு, புக்கிங்_பைனல், புக்கிங்_பைனல்2, புக்கிங்_நிஜபைனல் என்று நான்கு. எதில் அந்தத் திருத்தம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஒரு ராத்திரி போயிற்று.

அந்த ராத்திரிக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவரோ இருவரோ மூவரோ சேர்ந்து செய்யும் சின்னத் தளங்களுக்கு வெர்ஷன் கண்ட்ரோல் (யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் முறை) வேண்டும் என்றால் மாதச் சந்தா கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் லேப்டாப், மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ், ஒரு இலவசக் கணக்கு, இவை போதும். செலவு என்று ஒன்று இருந்தால் அது பழக்கத்துக்குத்தான்.

ஒரு விஷயம்: கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரை) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்கிறேன்.

எந்தக் கருவி?

கிட். இதில் நீண்ட பட்டிமன்றம் வேண்டாம். லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005 ஏப்ரலில் இதையும் எழுதினார். அதுவரை கெர்னல் வேலைக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளின் இலவச உரிமம் நின்றுபோனது. மாற்று எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை, சொந்தமாகவே எழுதிவிட்டார். அதனால் கிட்டுக்கு ஒரு குணம் பிறவியிலேயே வந்துவிட்டது: நடுவில் ஒரு சர்வர் இருந்தே ஆக வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கரன்ட் போனாலும், ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்ந்தாலும் கமிட் செய்யலாம் (அப்போதைய நிலையை ஒரு குறிப்போடு வரலாற்றில் பதிவது), பழையதைப் புரட்டிப் பார்க்கலாம். காசில்லாமல் நடத்த முடிவதற்கு மூலகாரணமே இதுதான்.

இதே வேலையைச் செய்யும் சப்வெர்ஷன் இன்னும் இருக்கிறது. பழைய அலுவலகங்களில் பார்க்கலாம். ஆனால் கமிட் செய்யவே சர்வர் வேண்டும். மெர்க்குரியலும் 2005இல்தான் வந்தது, நல்ல கருவி, கிட்டைவிடப் பேசுவதற்கு எளிது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதை இலவசமாக வைத்துக்கொடுத்த பெரிய இடமான பிட்பக்கெட்டே 2020இல் மெர்க்குரியல் ஆதரவை நிறுத்திவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஃபாசில் மட்டும் தனிக் கதை. எஸ்க்யூலைட் டேட்டாபேஸை உருவாக்கிய டி. ரிச்சர்ட் ஹிப் எழுதியது. மொத்தக் கருவியும் ஒரே ஒரு எக்ஸிகியூட்டபிள் ஃபைல். உங்கள் ரெப்போவும் (ஃபைல்களும் அவற்றின் வரலாறும் இருக்கும் கிடங்கு) ஒரே ஒரு ஃபைல்தான், உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். பிழைப் பட்டியல், விக்கி, பிரவுசரில் பார்க்கும் பக்கம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். தனியாளாக, யாரையும் சேர்க்கும் எண்ணம் இல்லாமல் ஒரு புராஜெக்ட் செய்கிறீர்கள் என்றால் ஃபாசிலை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்து வந்து சேரும் நண்பருக்கு ஏற்கெனவே கிட் தெரிந்திருக்கும், ஃபாசில் தெரிந்திருக்காது. அந்த ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்துவிட்டேன்.

முதல் படி: நிறுவிய கையோடு செய்ய வேண்டியவை

கிட்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் ஆப்ட் மூலம் ஒரு வரியில் முடித்துவிடலாம். பிறகு இந்த நான்கு வரிகள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில் "உங்கள் மின்னஞ்சல்"
கிட் கான்ஃபிக் --குளோபல் இனிட்.டிஃபால்ட்பிராஞ்ச் மெயின்
கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்

முதல் இரண்டும் யார் கமிட் செய்தது என்று பதிவதற்கு. மின்னஞ்சல் வரலாற்றில் அப்படியே தங்கிவிடும் என்பதை மனதில் வைத்து, வெளியே தெரிந்தால் பரவாயில்லாத முகவரியைக் கொடுங்கள். மூன்றாவது வரி பின்னால் வரும் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க: கிட் உங்கள் கணினியில் முதல் பிராஞ்சுக்கு (வரலாற்றின் ஒரு கிளை) மாஸ்டர் என்று பெயர் வைக்கும், ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொடுக்கும் கிட்ஹப் 2020 அக்டோபரிலிருந்து மெயின் என்று வைக்கிறது. இரண்டும் வேறாக இருந்தால் புதியவர்கள் முதல் புஷ்ஷிலேயே (கமிட்டுகளை வேறொரு ரெப்போவுக்கு அனுப்புவது) முழி பிதுங்குவார்கள்.

நான்காவது வரி நம்மைப் போன்றவர்களுக்கானது. ஃபைலுக்கு 'வாடகை.டிஎக்ஸ்டி' என்று தமிழில் பெயர் வைத்துவிட்டு கிட் ஸ்டேட்டஸ் அடித்துப் பாருங்கள். \340\256 என்று எண்களாகக் கொட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கிட் அப்படித்தான் எண்ணாக மாற்றிக் காட்டும். இந்த வரியைக் கொடுத்த பிறகு தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும். கமிட் செய்தியையும் தாராளமாகத் தமிழில் எழுதலாம், ஒரு சிக்கலும் வராது. நான் பாதிக்குப் பாதி தமிழில்தான் எழுதுகிறேன்.

இனி புராஜெக்ட் போல்டருக்குள் போய்:

கிட் இனிட்

போல்டருக்குள் டாட் கிட் என்று ஒரு மறை போல்டர் உருவாகும். உங்கள் முழு வரலாறும் அதற்குள்தான் இருக்கப்போகிறது. அதை அழித்தால் வரலாறு போச்சு, அதைக் காப்பி செய்தால் வரலாறும் கூடவே வரும்.

இரண்டாம் படி: முதல் கமிட்டுக்கு முன்னால் கொஞ்சம் நிதானம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். இனிட் அடித்த கையோடு எல்லாவற்றையும் ஆட் செய்து கமிட் செய்துவிடுவார்கள். அதற்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் உள்ளே போயிருக்கும்.

கிட்டில் ஒருமுறை கமிட் ஆனது எளிதில் போகாது. அடுத்த கமிட்டில் அந்த ஃபைலை நீக்கினாலும் பழைய கமிட்டில் அது பத்திரமாக இருக்கும். அதற்காகத்தானே கிட்டையே வைத்திருக்கிறோம்! ஆகவே முதல் கமிட்டுக்கு முன்பே போல்டரின் மேல்மட்டத்தில் டாட் கிட்இக்னோர் என்ற ஃபைலை உருவாக்குங்கள். எதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம் என்பதை வரிக்கு ஒன்றாக அதில் எழுத வேண்டும்.

மண்டபத் தளத்தில் நான் எழுதியவை ஐந்துதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் டாட் என்வ் ஃபைல். பிஎச்பி நூலகங்களைக் கம்போசர் இறக்கி வைக்கும் வெண்டர் போல்டர். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை என்பிஎம் இறக்கி வைக்கும் நோட் மாட்யூல்ஸ் போல்டர். வாடிக்கையாளர்கள் ஏற்றும் படங்கள் விழும் அப்லோட்ஸ் போல்டர். பிழைப் பதிவுகள் விழும் லாக் ஃபைல்கள். வெண்டரும் நோட் மாட்யூல்ஸும் எத்தனை ஆயிரம் ஃபைல்கள் இருந்தாலும் கம்போசர்.லாக், பேக்கேஜ்-லாக் ஃபைல்கள் கையில் இருந்தால் ஒரு கட்டளையில் அப்படியே திரும்ப வந்துவிடும். அதனால் பெயரில் லாக் வரும் அந்த இரண்டு ஃபைல்களையும் மட்டும் தவறாமல் கமிட் செய்யுங்கள். பெயரில் லாக் இருக்கிறதே என்று பிழைப் பதிவோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். நான் தள்ளியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தூக்கக் கலக்கத்தில் கண்ணுக்கு ஒன்றுதான்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் பாஸ்வேர்ட் இருப்பது டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பியில். அதையும் தள்ளுங்கள். வேர்ட்பிரஸ் முழுவதையும் ரெப்போவில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை, நீங்கள் எழுதிய தீமும் சொந்த பிளகினும் இருந்தால் போதும்.

டாட் என்வ் இல்லாவிட்டால் நண்பருக்கு என்னென்ன அமைப்புகள் வேண்டும் என்று எப்படித் தெரியும்? அதே ஃபைலை டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள் என்று இன்னொரு பெயரில் வைத்து, மதிப்புகளை எல்லாம் காலியாக விட்டு, அதைக் கமிட் செய்யுங்கள். உண்மையான பாஸ்வேர்டுகளை ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில் வைத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம், ஏனென்றால் இக்னோர் செய்தது எதுவும் கிட்டின் காப்புப் பிரதியில் வராது.

பாஸ்வேர்ட் ஏற்கெனவே உள்ளே போய், வெளியே புஷ்ஷும் ஆகிவிட்டதா? முதல் வேலை வரலாற்றைச் சுத்தம் செய்வது இல்லை, பாஸ்வேர்டை மாற்றுவது. பொது ரெப்போக்களில் இப்படிச் சிந்தியவற்றைப் பொறுக்குவதற்கென்றே தானியங்கி நிரல்கள் சுற்றுகின்றன. மாற்றிவிட்டு வந்து, வேண்டுமானால் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியால் வரலாற்றைக் கழுவிக்கொள்ளலாம்.

இப்போது சரி:

கிட் ஆட் .
கிட் ஸ்டேட்டஸ்
கிட் கமிட் -எம் "மண்டபத் தளம், தொடக்கம்"

ஆட் பக்கத்தில் இருக்கும் புள்ளி இந்த போல்டரில் உள்ள எல்லாம் என்று பொருள். நடுவில் உள்ள ஸ்டேட்டஸை விட்டுவிடாதீர்கள். என்ன போகப்போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கமிட்.

மூன்றாம் படி: அன்றாடம்

ஒரு வேலை, ஒரு கமிட். "இன்று செய்தது" என்று மாலையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டால் பின்னால் எதையும் பிரித்தெடுக்க முடியாது. "ஒரே தேதிக்கு இரு பதிவு: சேமிக்கும் முன் தேதியைச் சரிபார்க்கிறது" என்பது நல்ல செய்தி. "சரி செய்தேன்" என்பது ஆறு மாதம் கழித்து நம்மையே கேலி செய்யும்.

மண்டபத் தளத்திலேயே ஒரு சின்ன நிகழ்வைப் பாருங்கள். மின்சாரக் கட்டணத்தைத் தனியாகக் காட்ட வேண்டும் என்றார்கள். புக்கிங்.பிஎச்பியில் கை வைத்தேன். அரை மணி கழித்துப் படிவமே வரவில்லை, வெள்ளைப் பக்கம். முன்பு என்றால் கன்ட்ரோல்-இசட்டை அடித்துக்கொண்டே போவேன். இப்போது:

கிட் டிஃப்

கடைசிக் கமிட்டுக்குப் பிறகு மாறிய வரிகள் மட்டும் வந்தன. எடுத்தது சிவப்பில், சேர்த்தது பச்சையில். மொத்தம் பதினோரு வரி. ஒன்பதாவது வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. முந்நூறு வரி ஃபைலில் தேடவேண்டியது பதினோரு வரிக்குள் அடங்கிவிட்டது. எனக்கு கிட்டின் முதல் பயன் பழையதற்குத் திரும்புவதுகூட இல்லை, தேடும் இடத்தை இப்படிச் சுருக்கிக் கொடுப்பதுதான்.

தமிழ்ப் பத்திகள் நிறைந்த பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினால் பத்தி முழுக்க ஒரே வரியாக இருப்பதால் மொத்தமும் சிவப்பாகவும் பச்சையாகவும் வரும். அப்போது கிட் டிஃப் --வேர்ட்-டிஃப் என்று கொடுங்கள். மாறிய சொல் மட்டும் தெரியும்.

திருத்தமே வேண்டாம், பழையபடி ஆகட்டும் என்றால்:

கிட் ரீஸ்டோர் புக்கிங்.பிஎச்பி

கவனம்: கமிட் செய்யாத மாற்றம் இதோடு போய்விடும், கிட்டாலும் மீட்க முடியாது. மூன்று கமிட்டுக்கு முந்தைய ஃபைல் வேண்டும் என்றால் ரீஸ்டோருக்குப் பின் --சோர்ஸ்=ஹெட்~3 சேர்க்க வேண்டும். (ஹெட் மட்டும் பெரிய எழுத்துகளில்.) ரீஸ்டோர் கட்டளை 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழைய சர்வர்களில் செக்அவுட்டைத்தான் நம்ப வேண்டும். ஏற்கெனவே மற்றவரோடு பகிர்ந்துவிட்ட கமிட்டைத் திரும்பப் பெற கிட் ரிவெர்ட். அது பழையதை அழிக்காமல், அதற்கு எதிரான புதிய கமிட் ஒன்றைப் போடும்.

எப்போது கெட்டது என்றே தெரியாத பிழைக்கு கிட் பைசெக்ட் இருக்கிறது. நன்றாக இருந்த ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒன்றையும் காட்டினால், நடுவில் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்லும். நூறு கமிட் இருந்தாலும் ஏழு சோதனைக்குள் ஆள் மாட்டிக்கொள்வார். ஆனால் சின்னச் சின்னக் கமிட்டாகப் போட்டவர்களுக்குத்தான் இந்தச் சொகுசு.

நான்காம் படி: பென்டிரைவ்

இதுவரை எல்லாம் ஒரே லேப்டாப்பில். அதன் டிஸ்க் போனால் வரலாறும் போச்சு. இணையத்துக்குப் போவதற்கு முன் டிராயரைத் திறங்கள். பென்டிரைவில், அது இ டிரைவ் என்று வைத்துக்கொள்வோம்:

கிட் இனிட் --பேர் இ:/மண்டபம்.கிட்

--பேர் என்றால் வெற்று ரெப்போ. அதில் வேலை செய்யும் ஃபைல்கள் இருக்காது, வரலாறு மட்டும். வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் புராஜெக்ட் போல்டரிலிருந்து (ரிமோட் என்றால் வேறிடத்தில் இருக்கும் ரெப்போ):

கிட் ரிமோட் ஆட் பென்டிரைவ் இ:/மண்டபம்.கிட்
கிட் புஷ் பென்டிரைவ் மெயின்

அவ்வளவுதான், உங்களிடம் ஒரு கிட் சர்வர் வந்துவிட்டது. நண்பர் அதைத் தன் லேப்டாப்பில் செருகி கிட் குளோன் (வரலாற்றோடு முழுப் பிரதி) செய்துகொள்ளலாம், தன் வேலையை அதிலேயே புஷ் செய்து திருப்பித் தரலாம். டீக்கடையில் பென்டிரைவ் கைமாறினால் போதும், டேட்டாவே வேண்டாம்.

விண்டோஸில் ஒரு முட்டுக்கட்டை வரலாம். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் ஆக இருக்கும். ஃபைல் யாருக்குச் சொந்தம் என்று அவை குறித்து வைக்காது. 2022இல் இருந்து கிட் அடுத்தவருக்குச் சொந்தமான ரெப்போவைத் தொட மறுக்கிறது, இதுவும் அப்படித் தோன்றுவதால் சந்தேகத்துக்குரிய உரிமை என்று ஒரு பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம். அந்தச் செய்தியிலேயே சேஃப்.டைரக்டரி என்று ஒரு கட்டளை கொடுத்திருக்கும், அதை ஒருமுறை அடித்தால் சரியாகிவிடும்.

பென்டிரைவும் தொலையும் பொருள்தான். அதனால் மாதம் ஒருமுறை:

கிட் பண்டில் கிரியேட் மண்டபம்.பண்டில் --ஆல்

முழு வரலாறும் ஒற்றை ஃபைலாகக் கையில் வரும். அதை உங்களுக்கே மின்னஞ்சல் செய்யலாம், டிரைவில் போடலாம். மீட்க வேண்டும் என்றால் அந்த ஃபைலையே குளோன் செய்தால் போதும். இந்தக் கட்டளையை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

கூகுள் டிரைவோ டிராப்பாக்ஸோ தானாக ஒத்திசைக்கும் போல்டருக்குள்ளேயே புராஜெக்ட்டை வைத்து வேலை செய்யாதீர்கள். டாட் கிட்டுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி ஃபைல்கள் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன. ஒத்திசைவுக் கருவிக்கு அந்த உறவு தெரியாது. பாதி ஏறி, பாதி ஏறாமல், இரண்டு கணினியில் திறந்து, ரெப்போ சிதையும். பண்டில் ஃபைலை அங்கே போடுவது வேறு விஷயம், அது ஒரே ஃபைல்.

ஐந்தாம் படி: இலவசக் கணக்கு, எதில்?

கிட்ஹப் 2008இல் தொடங்கியது, 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. நமக்கு வேண்டிய செய்தி அதற்குப் பிறகுதான். அதுவரை அடுத்தவர் பார்க்க முடியாத ரெப்போவுக்குக் காசு கட்ட வேண்டும். 2019 ஜனவரியில் அது மூன்று கூட்டாளிகள் வரை இலவசமானது, 2020 ஏப்ரலில் அந்த மூன்று என்ற வரம்பும் போனது. இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, தனி ரெப்போ வேண்டும் என்பதற்காகக் காசு கட்டவோ வேறிடம் ஓடவோ வேண்டாம். ஒரு ஃபைல் 100 எம்பியைத் தாண்டினால் கிட்ஹப் வாங்காது, 50ஐத் தாண்டினாலே எச்சரிக்கும். மண்டபத்தின் டிரோன் வீடியோவை ரெப்போவில் திணித்தவர்கள் அப்போதுதான் முழிப்பார்கள்.

கிட்லேபில் இலவசத் தனிக் குழுவுக்கு ஐந்து பேர் வரம்பு. பிட்பக்கெட்டிலும் இலவசத் திட்டம் ஐந்து பேருக்கு. இரண்டு மூன்று பேருக்கு எல்லாமே ஒன்றுதான். உங்கள் நிரலைத் திறந்த மூலமாக வெளியிடுகிறீர்கள் என்றால் கோட்பெர்க் என்று ஒன்று இருக்கிறது. பெர்லினில் பதிவு செய்த லாப நோக்கமற்ற சங்கம் நடத்துவது, விளம்பரம் கிடையாது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட தளத்துக்கு அது இடமில்லை.

என் தேர்வு கிட்ஹப்தான், பெரிய காரணம் எதுவும் இல்லை, எல்லோரிடமும் கணக்கு இருக்கிறது. இந்தச் சலுகைகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் சேரும் நாளில் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிய ரெப்போ உருவாக்கும்போது பிரைவேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, ரீட்மி சேர்க்கும் பெட்டியைத் தொடாமல் காலியாக உருவாக்குங்கள். காலியாக இல்லாவிட்டால் அங்கே ஒரு வரலாறு, இங்கே ஒரு வரலாறு என்று முதல் புஷ் முரண்டு பிடிக்கும். பிறகு கிட் ரிமோட் ஆட் ஆரிஜின், அதன்பின் அவர்கள் காட்டும் முகவரி. கிட் புஷ் -யூ ஆரிஜின் மெயின்.

பாஸ்வேர்ட் கேட்கும்போது கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஏற்காது. 2021 ஆகஸ்ட் 13 முதல் அந்த வழி மூடப்பட்டது. எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியோடு பாதுகாப்பாகப் பேசும் வழி) சாவி செய்துகொண்டு, ரிமோட்டுக்கும் எஸ்எஸ்எச் முகவரியையே கொடுங்கள். எஸ்எஸ்எச்-கீஜென் அடித்தால் இரண்டு ஃபைல்கள் உருவாகும். பப் என்று முடியும் ஃபைலில் இருப்பதை மட்டும் கணக்கின் செட்டிங்ஸில் ஒட்ட வேண்டும். மற்றது உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக்கூடாது, வாட்ஸ்அப்பில் நண்பருக்கும்கூட. அவர் தனக்கு ஒன்று செய்துகொள்ளட்டும். இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இதற்குப் பிறகும் பென்டிரைவை விடாதீர்கள். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது, மற்றவர்களின் ரெப்போக்களை வைத்துக்கொடுப்பதுதான் அதன் தொழில். 2014 ஜூனில் யாரோ அதன் அமேசான் கணக்குக்குள் புகுந்து, ரெப்போக்களையும் அவற்றின் காப்புப் பிரதிகளையும் பெருமளவு அழித்தார்கள். நிறுவனமே மூடப்பட்டது. ஆபத்து இப்படித்தான் வர வேண்டும் என்றில்லை. இதே மாதிரிச் சேவையான கூகுள் கோட் நல்லபடியாக அறிவித்துவிட்டு 2016 ஜனவரியில் கடையைக் கட்டியது. குளோன் வைத்திருந்தவர்களுக்கு இரண்டிலும் நிரல் தப்பியது. ஆனால் தளத்தில் எழுதிய பிழைப் பட்டியலும் விவாதங்களும் கிட் குளோனில் வராது. எனவே முக்கியமான குறிப்புகளை ரெப்போவுக்குள்ளேயே ஒரு உரை ஃபைலில் வைக்கிறேன்.

ஆறாம் படி: எஃப்டிபிக்கு விடை கொடுப்பது

தளம் ஓடும் சர்வரில் எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால், அதையே கிட் சர்வராகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே கட்டும் ஹோஸ்டிங் காசைத் தவிர வேறு செலவில்லை. சர்வரில் உங்கள் ஹோம் போல்டருக்குள், தளத்தின் போல்டருக்கு வெளியே, பென்டிரைவில் செய்த மாதிரி ஒரு வெற்று ரெப்போ உருவாக்குங்கள். அதற்குள் ஹூக்ஸ் என்ற போல்டர் இருக்கும். அதில் போஸ்ட்-ரிசீவ் என்ற பெயரில் இரண்டு வரி ஃபைல்:

#!/பின்/எஸ்எச்
கிட் --வொர்க்-ட்ரீ=/தளத்தின்/முழுப்பாதை செக்அவுட் -எஃப் மெயின்

சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து அதை இயக்கக்கூடியதாக்குங்கள். இனி லேப்டாப்பில் இந்த சர்வர் ரெப்போவையும் ஒரு ரிமோட்டாகச் சேர்த்து அதற்கு புஷ் செய்தால், வந்து சேர்ந்த கணத்தில் புதிய ஃபைல்கள் தளத்தில் போய் உட்காரும். நண்பர் பழைய ஃபைலை வைத்துக்கொண்டு புஷ் செய்யப் பார்த்தால் கிட் ஏற்காது, முதலில் புதியதை இழுத்துச் சேர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பும். மண்டபத்தில் நடந்தது இனி நடக்காது, யாராவது --ஃபோர்ஸ் போடாதவரை.

எஸ்எஸ்எச் இல்லாத பகிர்வு ஹோஸ்டிங்கா? சிபேனலில் கிட் வெர்ஷன் கண்ட்ரோல் என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். கிட்ஹப்பிலிருந்து அதன் வழியாக இழுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் எஃப்டிபிதான், ஆனால் கமிட் செய்ததை மட்டுமே ஏற்றுவது என்று ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் உள்ள தளத்துக்கு ஹோஸ்டிங்கே தேவைப்படாமல் போகலாம். பொது ரெப்போவாக இருந்தால் கிட்ஹப் பேஜஸ் இலவசமாகவே வெளியிட்டுத் தரும்.

பொதுத் தள போல்டருக்குள் நேராகக் குளோன் செய்தவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். பிரவுசரில் உங்கள் முகவரிக்குப் பின்னால் /.கிட்/கான்ஃபிக் என்று அடித்துப் பாருங்கள். ஏதாவது உரை வந்தால், முழு நிரலையும் வரலாற்றோடு ஊருக்கே திறந்து வைத்திருக்கிறீர்கள். இன்றே அடைத்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் என்ன செய்வது?

அமைப்பை மட்டும் ரெப்போவில் வையுங்கள், தரவை வைக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் --நோ-டேட்டா கொடுத்தால் அட்டவணைகளின் அமைப்பு மட்டும் வரும், கூடவே --ஸ்கிப்-டம்ப்-டேட் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் தேதி மட்டும் மாறி வீண் வித்தியாசம் காட்டாது. வாடகைப் பட்டியல் மாதிரி நாமே எழுதும் சிறு அட்டவணைகளைத் தரவோடு எடுக்கலாம். அப்போது --ஸ்கிப்-எக்ஸ்டெண்டெட்-இன்சர்ட் சேர்த்தால் ஒரு வரிசைக்கு ஒரு வரி என்று வரும், எந்த வாடகை எப்போது மாறியது என்று டிஃப்பில் பளிச்செனத் தெரியும். பதிவு செய்தவர்களின் பெயரும் போன் எண்ணும் ரெப்போவுக்குள் வரவே கூடாது. அவற்றுக்கும் அப்லோட்ஸ் போல்டருக்கும் தனிக் காப்பு வேண்டும்.

இரண்டு பேர் என்றால்

காலையில் கிட் புல், முடித்ததும் கிட் புஷ். பெரிய வேலை என்றால் மட்டும் கிட் ஸ்விட்ச் -சி புதிய-படிவம் என்று தனி பிராஞ்ச். இதற்கு மேல் விதிமுறைகளைச் சின்னப் புராஜெக்ட்டில் அடுக்கினால் வேலை நடக்காது. ஒரே வரியை இருவரும் தொட்டிருந்தால் கிட் நிறுத்திவிட்டு, இரண்டு வடிவத்தையும் கோணக் குறிகளுக்கு நடுவே காட்டும். எது வேண்டுமோ அதை வைத்து, குறிகளை நீக்கி, ஆட் செய்து கமிட். முதல் தடவை கை நடுங்கும். போனில் பேசிக்கொண்டே செய்தால் இரண்டு நிமிட வேலை.

கடைசியாக இரண்டு

மாதம் ஒருமுறை, பண்டில் எடுக்கும் அன்றே, அந்த பண்டிலை வேறொரு போல்டரில் குளோன் செய்து தளத்தை ஓட்டிப் பாருங்கள். முதன்முதலில் நான் இதைச் செய்தபோது தளம் எழவில்லை. ஒரு படப் போல்டரைத் தெரியாமல் இக்னோரில் போட்டிருந்தேன். டிஸ்க் போன பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று, ரெப்போ யார் பெயரில் இருக்கிறது என்பது. மண்டபத் தளத்தை என் சொந்தக் கணக்கில்தான் தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்து அவர் மகன் படிப்பை முடித்து வந்து, "அண்ணா, இனி நானே பார்த்துக்கறேன்" என்றான். கிட்ஹப் செட்டிங்ஸின் அடியில் உரிமையை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொத்தான் இருக்கிறது. அவன் பெயருக்கு மாற்றினேன், வரலாறு முழுவதும் கூடவே போனது. அன்று ராத்திரியே அவனிடமிருந்து ஒரு செய்தி: "அண்ணா, முதல் வருஷம் மூணாவது கமிட்ல 'ஏன்னு தெரியல, ஆனா ஓடுது'ன்னு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"